ஒன்பது நோட்டுகள், பத்தொன்பது நாட்கள்

மார்ச் 4

தம்பிக்கு,

போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். பதினான்கு மாதத்தில் பதினொரு முறை அடித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் உன் மனைவிதான் எடுத்து, "குளிச்சிட்டு இருக்காரு அண்ணி" என்கிறாள். அத்தனை சுத்தமாகவா இருக்கிறாய்? அதனால் கடிதம்.

சமாதானம் பேச எழுதவில்லை. நேற்று எங்கள் மாவட்ட மருத்துவமனை மருந்தகத்துக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு வரைவு விதி வந்தது. வலிப்பு நோயாளிகளைப் பற்றியது. நடுவில் இப்படி ஒரு வரி: "மருத்துவர் குறிப்பிட்ட நிறுவனத்தின் மாத்திரையையே வழங்க வேண்டும், அதனின்று சற்றேனும் வேறுபட்ட ஒன்றை வழங்குதல் ஆகாது."

இருபத்திரண்டு வருடமாக அரசாங்கக் காகிதம் படிக்கிறவள் நான். அதில் 'மேற்படி' வரும், 'மேற்கண்டவாறு' வரும், 'சற்றேனும்' வராது. அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற ஒரே ஆள் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் "சற்றேனும் அஞ்சேன்" என்று மேடையில் முழங்கிவிட்டு, அடுத்த வரி மறந்து, மைக்கைப் பிடித்தபடியே நின்ற ஆள். அன்றைக்குத்தானே வீட்டில் உனக்கு 'வக்கீல்' என்று பெயர் வைத்தோம்.

வக்கீலே, இதை எழுதியது நீயா?

அது என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தாலும் சொல்கிறேன். என் ஜன்னலுக்கு மாதாமாதம் வலிப்பு மாத்திரைக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். டெண்டரில் எந்த நிறுவனம் வருகிறதோ அதன் மாத்திரையைத் தருகிறோம். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான். நிறமும் அட்டையும் பெயரும்தான் வேறு. இந்த விதி வந்தால் டாக்டர் பேர் எழுதிய மாத்திரை எங்களிடம் இருக்காது. அவர்கள் வெளிக்கடைக்குப் போக வேண்டும். இங்கே இலவசம், அங்கே அது டெண்டர் விலையைப் போல ஆறு மடங்கு. உங்கள் கம்பெனி மாத்திரையைத்தான் சொல்கிறேன்.

இல்லை என்று ஒரு வரி எழுது, நம்புகிறேன்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தாங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆம், அந்த வாசகம் என்னுடையது. எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். எங்கள் நிறுவனம் துறைக்குக் கொடுத்த குறிப்பில் இருந்தபடியே, ஒரு கால்புள்ளிகூட மாறாமல் வரைவில் வந்திருக்கிறது. எங்கள் கொள்கைப் பிரிவில் இதுவரை யாருக்கும் அப்படி அமைந்ததில்லை. அன்றைக்கு மேலாளர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். நீங்கள் கேவலமாக நினைக்கிற வேலையில் நான் பெருமைப்பட்ட நாள் அது. அதை ஒளிக்கப் போவதில்லை.

நீங்கள் நினைப்பது போல் நாங்கள் காற்றில் எழுதவில்லை. இங்கே வலிப்பு நோயாளர் குடும்பங்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைவி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஒன்பது வயது மகளுக்கு மாத்திரை மாறிய வாரத்தில் வகுப்பறையிலேயே வலிப்பு வந்து, முன்பல் இரண்டு உடைந்துவிட்டது. அவர் துறைச் செயலாளர் முன்னால் பேசியபோது அந்த அறையில் யாருக்கும் தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு மண்டபமும் வண்டியும் எங்கள் நிறுவனம்தான் ஏற்பாடு செய்தது. பேச்சை நான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பல்லை நாங்கள் உடைக்கவில்லை.

பதினான்கு மாதம் ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்லிவிடுகிறேன். புது வீட்டுக்கு முதன்முதலாக வந்தீர்கள். என் மாமனார், மாமியார், மனைவி, மகள் எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். என் வேலை என்ன என்று மாமனார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "இவன் விக்கிறது மருந்து இல்ல, பயம்." எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அவளுக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் சிரித்தாள்.

வரைவின் மேல் கருத்துச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஏப்ரல் 15 கடைசி நாள்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

'தங்கள்', 'அவர்கள்'. என்னை அதிகாரி ஆக்கிவிட்டாய், சம்பளம்தான் உயரவில்லை. நீ 'நீங்கள்' என்று எழுதினால் யாரோ பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறாய் என்று தோன்றுகிறது.

மேசையில் நான் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பா இல்லையா என்பது வேறு, சொன்ன இடம் தப்பு. அதற்கு மேல் இப்போதைக்கு என்னால் வர முடியவில்லை.

இங்கே நடந்ததைக் கேள். விதி இன்னும் வரைவுதான், ஆனால் உங்கள் ஆட்கள் காத்திருக்கவில்லை. உங்கள் மெடிக்கல் ரெப் ஊரில் உள்ள டாக்டர்களுக்கெல்லாம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கொடுத்திருக்கிறார். மருந்துச் சீட்டில் குத்தினால் 'மாற்றக் கூடாது' என்று சிவப்பில் விழுகிறது. அச்சடித்த மாதிரி அழகாக இருக்கிறது. போன மாதம் முப்பது சீட்டு அப்படி வந்தது.

அதில் ஒன்று பஸ் கண்டக்டருடையது. எட்டு வருடமாக என் ஜன்னலுக்கு வருகிறவர். சில்லறை பாக்கி வைக்காத கண்டக்டர் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். ஆறு வருடமாக அவருக்கு ஒரு வலிப்புகூட இல்லை. அந்த ஆறு வருடத்தில் ஐந்து கம்பெனி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். ஸ்டாம்பைப் பார்த்துப் பயந்து வெளிக்கடையில் உங்கள் மாத்திரையை வாங்கினார். மாதம் முழுவதுக்கும் கட்டுப்படியாகவில்லை. பிளேடால் பாதிப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டார். பத்தொன்பதாவது நாள் ஓடுகிற பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் விழுந்தார். கதவு சாத்தியிருந்ததால் பிழைத்தார். தோள்பட்டை இறங்கிவிட்டது. இனி பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களாம், டிப்போவில் டிக்கெட் கட்டு எண்ணும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

என் முன்னால் வந்து நின்று, "நல்ல மாத்திரைன்னாங்க மேடம், அதான் கொஞ்சமா சாப்பிட்டாலும் போதும்னு நெனச்சேன்" என்றார். எனக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார வேண்டும் போல இருந்தது. வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள், சாத்தவில்லை.

நீ சொன்னபடி நானும் கருத்து அனுப்பப் போகிறேன். என்னிடம் ஒன்பது நோட்டு இருக்கிறது. உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. பதினோரு வருடத்துக்கு முன் முதன்முறை மாத்திரையின் நிறம் வெள்ளையிலிருந்து ரோஸுக்கு மாறியபோது ஜனங்கள் கலங்கிப் போனார்கள். எனக்கும் பயம்தான். அதனால் எழுத ஆரம்பித்தேன். யாருக்கு, எந்தத் தேதியில், எந்தக் கம்பெனியிலிருந்து எந்தக் கம்பெனிக்கு மாறியது, அதற்கு முந்தின மூன்று மாதத்தில் வலிப்பு வந்ததா, பிந்தின மூன்று மாதத்தில் வந்ததா. மருந்து வாங்க வரும்போது நான்கு கேள்வி கேட்பேன், எழுதுவேன். எண்ணூற்றுப் பதினேழு பேர். மாறுவதற்கு முன் வலிப்பு வந்தவர்கள் இருபத்திரண்டு. மாறிய பின் இருபத்து மூன்று.

நோயாளிகளின் பெயர் மேல் காகிதம் ஒட்டி மறைத்து, மருத்துவமனையின் பேரில் பிரதி அனுப்புகிறேன். என் பெயரைப் போடவில்லை. பெயருக்காகச் செய்த வேலை இல்லை.

அக்கா


மே 11

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். வரைவைப் பரிசீலிக்கத் துறை அமைத்த குழு, தனக்கு வந்த கருத்துகளை எல்லாத் தரப்புக்கும் அனுப்பிப் பதில் கேட்டிருக்கிறார்கள். மொத்தம் நாற்பத்தாறு. நாற்பத்தைந்தைப் பற்றி எங்கள் ஆட்கள் கவலைப்படவில்லை. அவற்றில் கோபம் இருக்கிறது, எண் இல்லை. ஒன்றை மட்டும் எல்லோரும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தார்கள். 'மாவட்ட மருத்துவமனையின் கையெழுத்து நோட்டுகள்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதில் குறை கண்டுபிடித்துப் பதில் எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. எழுதியது யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. உன் 'ழ'வின் வாலைப் பார்த்ததும் கட்டை மூடி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள். மருத்துவமனைத் தரப்பிலிருந்து ஒரு வரி அனுப்பினால் போதும். உன்னை மிரட்டவில்லை. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், கொடுத்த வேலையை அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியாகக் கிழிப்பேன். பதினோரு வருட உழைப்பை என் கையால் கிழிக்க வைக்காதே.

தம்பி


மே 18

தம்பிக்கு,

திரும்பப் பெற மாட்டேன்.

நன்றாகப் பார். அக்கா எழுதியது என்று ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்காதே. விட்டுக்கொடுத்தாய் என்று தெரிந்தால்தான் எனக்குக் கோபம் வரும். ஓட்டை இருந்தால் எனக்கும் தெரிய வேண்டும். எண்ணூற்றுப் பதினேழு பேருக்கு இத்தனை வருடம் தப்பாகக் கொடுத்தேனா, சரியாகக் கொடுத்தேனா என்பது என் தூக்கத்துக்கும் சம்பந்தப்பட்டது.

நீ 'நீ' என்று எழுதியிருந்தாய். கவனித்தேன்.

அக்கா


ஜூன் 16

அக்கா,

பத்தொன்பது நாள் உன் நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். நான்காவது மாடியில் ஒரு சின்னக் கூட்ட அறை. மேசை முழுவதும் பிரதிகள். ஒரு கணினி, ஒரு ஸ்கேல், மூன்று நிறப் பென்சில். புள்ளியியல் படித்த பெண் ஒருத்தியையும் உதவிக்குக் கொடுத்தார்கள்.

முதல் வாரம் உற்சாகமாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். உன்னை ஒரு இடத்திலாவது பிடித்துவிட வேண்டும் என்று இருந்தது. மேசையில் சிரித்தவர்கள் எல்லோரும் கண்ணில் வந்து போனார்கள். முதலில், வலிப்பு வந்தவர்கள் மருந்து வாங்க வராமல் நின்றுபோயிருப்பார்கள், அதனால் கணக்கில் விழவில்லை என்று நினைத்தேன். நீ வராதவர்களுக்குத் தனிப் பக்கம் வைத்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் தபால் அட்டை போட்டு விசாரித்திருக்கிறாய். பதில் வந்த அட்டைகளையும் ஒட்டி வைத்திருக்கிறாய். பிறகு, ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்பட்டிருப்பார் என்று தேடினேன். நாலாவது நோட்டிலும் ஏழாவது நோட்டிலும் ஒரே பிறந்த தேதி, ஒரே எடை. பிடித்துவிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன். ஒன்பதாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: 'நாலிலும் ஏழிலும் வரும் இவர் கல்யாணமாகி வேறு முகவரியில் மறுபடி பதிவானவர். ஒருமுறை மட்டும் எண்ணவும்.' அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சார், இவங்க நம்மளை எதிர்பார்த்துத்தான் எழுதியிருக்காங்க" என்றாள்.

இரண்டாவது வாரத்துக்குப் பிறகு நான் குறை தேடவில்லை அக்கா. படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாதமும் முந்நூறு பேரிடம் நான்கு கேள்வி, பதினோரு வருடம். நடுவில் அம்மா இறந்த வாரம் வந்தது. நான் அந்தத் தேதிகளைத் தேடிப் பார்த்தேன். மூன்று நாள் இடைவெளி இருக்கிறது, நாலாவது நாள் மறுபடி உன் கையெழுத்து. விளக்கம் கிடைக்காத மூன்று பேரைச் சிவப்பில் வட்டமிட்டு, 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறாய். எங்கள் அலுவலகத்தில் நான் பார்த்த எந்தக் காகிதத்திலும் அந்த இரண்டு சொல் இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஜெராக்ஸ் கடை அம்மாவைப் பற்றி. அவருடைய பேச்சுக்காக நான் எடுத்த பழைய குறிப்புகளை மறுபடி பார்த்தேன். புது மாத்திரை வருவதற்கு முன் நான்கு நாள் மகளுக்கு மாத்திரையே இல்லை, கடையில் தீர்ந்துவிட்டது என்று அவர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். என் கையெழுத்தில் இருக்கிறது. பேச்சை எழுதும்போது அந்த நான்கு நாளை நான் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. பேச்சு நீளமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டேன்.

குறை எதுவும் இல்லை என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குறை இல்லேன்னா பரவால்ல. 'சந்தேகத்துக்கு இடமிருக்கு'ன்னு எழுதுங்க. அது எப்பவும் உண்மைதானே" என்றார்.

24ஆம் தேதி குழுவின் கருத்துக் கேட்புக் கூட்டம். நிறுவனத்தின் சார்பில் பேசப் போவது நான். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். எழுதினால் உனக்கும் பங்கு என்று ஆகிவிடும். நீ வராதே.

தம்பி


ஜூலை 1

என் தம்பிக்கு,

நீ வராதே என்றாய். வர நினைத்தாலும் முடிந்திருக்காது. இன்னொரு மருந்தாளுநர் பிரசவ விடுப்பில் இருக்கிறாள், ஜன்னலுக்கு நான் ஒருத்திதான். எங்கள் நரம்பு டாக்டர் போனார். மறுநாள் காலையில் வெளிநோயாளிகளைப் பார்க்கப் போகாமல் நேராக என் ஜன்னலுக்கு வந்து, வரிசையில் நிற்கிறவர்களைத் தாண்டி நின்றார். பெரிய டாக்டர் வந்து மருந்து ஜன்னலில் நிற்பதை யாரும் பார்த்ததில்லை. வரிசை முழுவதும் காது கொடுத்துக் கேட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ அங்கே இருந்தாய் என்றாலும். நான் எப்படிக் கேட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நீ நிறுவனத்தின் பதிலில் முதல் பக்கத்தைப் படித்தாயாம். பிறகு நிறுத்திவிட்டாயாம். குழுத் தலைவர், "மாவட்ட ஆஸ்பத்திரி நோட்டுகளைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே, பாத்தீங்களா?" என்று கேட்டாராம். நீ, "பாத்தேன் ஐயா. பத்தொன்பது நாள், குறை கண்டுபிடிக்கத்தான் பாத்தேன். கிடைக்கல" என்றாயாம். பக்கத்தில் இருந்தவர் உன் கோட்டைப் பிடித்து இழுத்தது பின் வரிசைக்கே தெரிந்ததாம்.

அதற்குப் பிறகு நீ சொன்னதை டாக்டர் இரண்டு தடவை சொன்னார். "இன்னொண்ணும் நான் சொல்லியாகணும். அந்த நோட்டுகளை எழுதினவங்க எங்க அக்கா. அதனால என் பேச்சை நீங்க நம்ப வேண்டாம். உங்க ஆளுங்களை வெச்சு நீங்களே பாத்துக்கோங்க."

பேச்சில் விட்ட அந்த நாலு நாளையும் நீயே சொன்னாயாம். உடனே ஜெராக்ஸ் கடை அம்மா எழுந்து நின்று, "அந்த நாலு நாளையும் எழுதிக்கோங்க. அன்னிக்கே நான் சொன்னேன்" என்றாராம். நீ அவரைப் பார்த்துத் தலைகுனிந்தாயாம். குனிய வேண்டியதுதான். ஆனால் நிமிர்ந்தும் பேசியிருக்கிறாய்.

டாக்டர் போன பிறகு வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "யாரும்மா அது?" என்றார். "என் தம்பி" என்றேன். அந்த இரண்டு சொல்லை நான் இவ்வளவு சத்தமாக எப்போதும் சொன்னதில்லை. மருந்து எடுத்துக் கொடுக்கிற கை அன்று முழுவதும் லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அந்த மேசையில் எல்லோரையும் உன்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தது தப்பு. இடம் மட்டும் தப்பு இல்லை, முழுக்கத் தப்பு. உன் வேலையைப் பற்றிச் சொல்லலாம், உன்னைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை என்று இப்போது தெரிகிறது. உன் மகளிடம் நானே பேசுகிறேன்.

வேலை என்ன ஆயிற்று? மறைக்காமல் எழுது.

அக்கா


ஜூலை 22

அக்கா,

வேலை போய்விட்டது. கூட்டம் முடிந்து அலுவலகத்துக்குத் திரும்புவதற்குள் என் நுழைவு அட்டையை முடக்கிவிட்டார்கள். காவலாளி என்னை ஏழு வருடமாகத் தெரிந்தவர், "சார், மெஷின் ரிப்பேர் போல" என்று மறுபடி மறுபடி தேய்த்துப் பார்த்தார். எனக்குத்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. என் பொருட்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு அந்தப் புள்ளியியல் பெண் கீழே கொண்டுவந்து கொடுத்தாள். பென்சில்கள் மூன்றையும் சீவி வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் மனைவி சொன்னாள்: "அத்தனை பேர் முன்னாடி சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட முந்தின நாள் சொல்லத் தெரியலியே." அவள் கோபம் அதுதான், வேலை போனதால் இல்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பாள் என்று பயந்தேன் என்றேன். "தடுத்திருக்க மாட்டேன். கூட வந்து உக்காந்திருப்பேன்" என்றாள். அவளைப் பற்றியும் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது ஒரு பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். சம்பளம் பாதி. மாமனார் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, 'மாற்றலாகியிருக்கிறார்' என்கிறார்.

குழு தன் ஆட்களை வைத்து உன் நோட்டுகளைப் பார்த்துவிட்டது. எங்கள் விடையேதான் அவர்களுக்கும். விதி மாறுகிறது. அனுமதி பெற்ற எந்த நிறுவனத்தின் மாத்திரையையும் கொடுக்கலாம், நோயாளியிடம் சொல்லிவிட்டு, எழுதி வைத்துக்கொண்டு. வேண்டாம் என்று டாக்டர் நினைத்தால் காரணத்தைத் தன் கையால் எழுத வேண்டும், ஸ்டாம்ப் செல்லாது. முழு வெற்றி என்று நினைக்காதே. மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மட்டும் பழைய வாசகமே நிற்கிறது, அதில் நிறுவனம் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்ததாக ஆஸ்துமா மருந்துக்கு ஒரு குறிப்புத் தயாராகிறது என்றும் கேள்வி. என் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டார். என்னைவிட நன்றாக எழுதுவார் என்கிறார்கள்.

போன சனிக்கிழமை ஜெராக்ஸ் கடை அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். மகளும் கூட வந்தாள், பல் கட்டியிருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் அப்புறம் கேளுங்க. அவங்களுக்கு அவ்வளவு அழகா எழுதினீங்களே, இனி எங்களுக்கு எழுதுங்க. ஆனா ஒண்ணு, நான் சொல்றது எதையும் வெட்டக் கூடாது" என்றார். சங்கம் இனி எந்த நிறுவனத்தின் மண்டபத்திலும் கூடாதாம். கடையின் பின்பக்கம் பதினைந்து நாற்காலி போட்டிருக்கிறார். சம்பளம் கிடையாது, ஜெராக்ஸ் இலவசம்.

வாரத்தில் இரண்டு மாலை போகிறேன். அக்கா, ஏழு வருடத்தில் எத்தனையோ எழுதினேன். எழுதியதை என் மகளுக்குப் படித்துக் காட்டியது இப்போதுதான். அவள் ஒரு இடத்தில் நிறுத்தி, "இது புரியல" என்றாள். மாற்றி எழுதினேன்.

தம்பி


செப்டம்பர் 9

தம்பிக்கு,

அரசிதழில் விதி வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டியிருக்கிறேன். கண்டக்டர் வந்து நின்று முழுவதும் படித்தார். அவருக்குத் தோள் தேறிவிட்டது, பஸ்ஸுக்குத்தான் இன்னும் அனுமதி இல்லை. எல்லாம் திரும்பி வந்துவிடுவதில்லை.

இந்தக் கடிதம் வேறொன்றைச் சொல்ல. உன்னிடம் இதுவரை மறைத்தேன். ஆகஸ்டில் உன் பழைய கம்பெனி துறைக்கு ஒரு புகார் எழுதியது. அக்காவும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டு, இல்லாத நோட்டுகளைத் தயாரித்து, குழுவை ஏமாற்றினார்கள் என்று. துறையிலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். கண்காணிப்பாளர் அறையில் நீளமேசை, ஒரு பக்கம் அவர்கள், எதிர்ப்பக்கம் நான். ஒன்பது நோட்டும் நடுவில். அசல் நோட்டுகள். சிலவற்றில் மருந்துக் கறை, ஒன்றில் மழைத்தண்ணீர் பட்டு ஊதியிருக்கிறது. அவற்றைப் பார்த்ததுமே ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார், பதினோரு வருடத்தை யாரும் அவசரமாகத் தயாரித்துவிட முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நம் கடிதங்களையும் கேட்டார்கள். நீ எழுதியவற்றைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். 'திரும்பப் பெற்றுக்கொள்' என்று நீ கெஞ்சியதை அவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் படித்தார்கள்.

பயமாக இருந்ததா என்று கேட்பாய். முதலில் இருந்தது. பிறகு அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடம் என்ன செய்தாய் என்று என்னை யாரும் உட்கார வைத்துக் கேட்டதில்லை. அவர்கள் கேட்டார்கள், மூன்று மணி நேரம். ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்துச் சொன்னேன்.

போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. புகாரில் உண்மையில்லை என்று முடித்துவிட்டார்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆனால் விசாரணையின் கடைசிக் கேள்வியை உனக்குச் சொல்லாமல் முடியாது. மூன்று பேரில் வயதில் இளையவர், அதுவரை எழுதிக்கொண்டே இருந்தவர், பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்கம்மா. கூடப் பிறந்த தம்பி. உங்களுக்காகக் கொஞ்சமாவது விட்டுக்கொடுத்திருக்க மாட்டாரா?"

நான் சொன்னேன்: "இல்ல சார். பத்தொன்பது நாளும் என்னைத் தோற்கடிக்கத்தான் பாத்தான். ஒரு குறை கிடைச்சிருந்தாலும் அந்தச் சபையில எழுந்து சொல்லியிருப்பான். அவன் சொல்லலேன்னா, அது இல்லேன்னு நீங்க நம்பலாம்."

அவர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அக்கா